சில்லறை வாங்குவதில்லை

போன டிசம்பரில் பேங்காக்கில்
ஐந்து தடவை பணம் எடுத்தேன்.
தடவைக்கு ஆயிரம் பாட்.
மொத்தமாக எடுத்தால்
படகில் கைப்பை அறுபடும்,
விடுதி அறையில் காணாமல் போகும்,
நானே எங்காவது மறந்து வைப்பேன்.
அதனால் கொஞ்சம் கொஞ்சமாக,
சுற்றுமுற்றும் பார்த்துப் பார்த்து.

ஊர் திரும்பி இரண்டாம் வாரம்
கணக்கறிக்கை வந்தது.
ஒவ்வோர் ஆயிரத்துக்கும் இருநூற்று இருபது
அந்த ஊர் இயந்திரத்துக்கு.
அதற்கு மேல் ஐந்து வெள்ளி
இந்த ஊர் வங்கிக்கு.
அதற்கும் மேலே
எதற்கென்று பெயர்கூடப் போடாத ஒரு விழுக்காடு.

பலதுறை மருந்தகத்தில்
ரத்தம் எடுக்கும் அறை என்னுடையது.
மதிய இடைவேளையில்
கையுறையைக் கழற்றிவிட்டுக் கூட்டினேன்.
எண்பது வெள்ளிக்குக் கொஞ்சம் குறைவு.

சிரிப்புத்தான் வந்தது.
அன்று காலைதான்
நாற்காலியில் நடுங்கிய டாக்ஸி ஓட்டுநர் கேட்டார்,
"அஞ்சு குழாயா? அஞ்சு தடவை குத்துவீங்களா?"
ஒரே ஊசிதான் அண்ணே,
குழாயைத்தான் மாத்துவோம் என்றேன்.
பதினேழு வருடமாகச் சொல்லும் பதில்.
என் கைக்கு மட்டும்
அதைச் சொல்ல யாருமில்லை.

பணத்துக்கா கட்டணம் வாங்கினார்கள்?
ஆயிரம் எடுத்தாலும் பத்தாயிரம் எடுத்தாலும்
அதே இருநூற்று இருபது.
பயத்துக்குத்தான் வாங்கியிருக்கிறார்கள்,
தடவை கணக்கில்.

அது நான் தனியாகப் போன முதல் பயணம்.
அதற்கு முன்பெல்லாம்
காசு விஷயம் சந்தானத்தின் சட்டைப்பையில் இருந்தது.
கூட்டுக் கணக்கை மூடியபோதும்
ஏதோ ஒரு கட்டணம் பிடித்தார்கள்.
அதற்கும் பெயரில்லை.

சுவீ பெங் அறிக்கையை வாங்கிப் பார்த்தாள்.
"சிங்கப்பூர் வெள்ளியிலேயே கழிக்கட்டுமானு
மெஷின் கேட்டிருக்குமே?"
கேட்டது.
அன்பாகத்தான் கேட்டது.
என் பணம், என் நாட்டுக் கணக்கு,
பெரிதாகப் பச்சையில் ஒரு 'சம்மதம்'.
கீழே சாம்பல் நிறத்தில்,
கண்ணாடி போட்டால்தான் தெரியும்படி,
'மறுக்கிறேன்'.

இருபத்திரண்டு வருடம்
பச்சையையே அழுத்திப் பழகிய விரல்.
ஐந்து தடவையும் சம்மதித்திருக்கிறது.
மாற்று விகிதத்தை
அவர்களே எழுதிக்கொள்ளவும் சம்மதித்திருக்கிறது.

மறுத்தால் பணம் வராதே என்றேன்.
மறுத்தாலும் வரும் என்றாள்,
சோற்றைக் கிளறிக்கொண்டே.
அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள்.
நான் சாப்பிடாமல்
கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இந்த ஜூனில் ஹனோய்.
சனிக்கிழமை சையது அல்வி சாலையில்
நாலு நாணய மாற்றுக் கடை ஏறி இறங்கினேன்.
முதல் கடைக்கும் நாலாம் கடைக்கும்
இரண்டு வெள்ளி வித்தியாசம்.
வெயிலுக்கு எலுமிச்சைச் சாறு குடித்ததில்
ஒரு வெள்ளி எண்பது போயிற்று.
இருபது காசு லாபம்.
அதைச் சுவீ பெங்கிடம் சொல்லப் போவதில்லை.

போய் இறங்கியதும் செலவுக்கு மட்டும் டாங் வாங்கினேன்.
மீதியை அங்கே ஒரே தடவையாக எடுப்பேன்.
கட்டணம் பிடிக்காத அட்டை ஒன்று
புதிதாக வந்து மேசை இழுப்பறையில் இருக்கிறது,
என் பெயர் மட்டும் போட்டது.

கம்பிக்குப் பின்னால் ஜியாவுதீன்
பூஜ்யங்களை விரலால் மூன்று மூன்றாகத் தள்ளி எண்ணினார்.
லட்சம் லட்சமாக என் கையில் வைத்தார்.
வாழ்க்கையில் முதல் தடவையாக நான் கோடீஸ்வரி,
இரவுச் சாப்பாட்டுக்குப் போதுமான கோடீஸ்வரி.

பையின் அடியில் கிடந்த
பேங்காக் நாணயங்களையும் கொட்டினேன்.
முப்பத்தேழு பாட்.
"சில்லறை வாங்குறதில்லக்கா" என்று
ஒற்றை விரலால் என் பக்கம் தள்ளிவிட்டார்.
"அந்த ஊர்லதான் செல்லும்."

எம்ஆர்டியில் நிற்க இடம் கிடைத்தது.
ஒவ்வொரு நிறுத்தத்திலும்
பைக்குள் அவை உருண்டு மோதிக்கொண்டன.
முப்பத்தேழு பாட்டுக்காக ஒருத்தி
பேங்காக் திரும்பிப் போவாளா?

போவாள் போலத்தான் இருக்கிறது.